நிவாரண மூட்டையும் கணக்கு நோட்டும்

நாகப்பட்டினத்து மக்களுக்கு மறக்க முடியாத காட்சிகள் இரண்டு உண்டு. ஒன்று, 2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில் கடல் எழுந்து ஊருக்குள் வந்த காட்சி. மற்றொன்று, அதற்கடுத்த நாட்களில் சாலையோரங்களில் மலைமலையாகக் குவிந்து கிடந்த பழைய துணிகளின் காட்சி.

முதலாவது இயற்கை செய்தது. இரண்டாவது மனிதர்கள் செய்தது. அதுவும் நல்ல மனிதர்கள் செய்தது. எங்கெங்கோ இருந்தவர்கள், செய்தியைக் கேட்டு மனம் பதறி, வீட்டிலிருந்த உடுப்புகளை மூட்டை கட்டி லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த மூட்டைகளைப் பிரிக்க ஆளில்லை; பிரித்தாலும் வாங்க ஆளில்லை. வீடு போனது, வலை போனது, பிள்ளைகள் போனார்கள். ஆனாலும், பிறர் உடுத்திக் கழித்ததை வாங்கி உடுத்த மீனவர் குடும்பங்களின் மானம் இடங்கொடுக்கவில்லை. துணிகள் மழையில் நனைந்தன, மாடுகள் மிதித்தன, கடைசியில் குப்பையாகின. அவற்றை அள்ளியவர்கள் யார்? துப்புரவுத் தொழிலாளிகள். சடலங்களை எடுத்த கைகளே அந்தத் துணிகளையும் எடுக்க நேர்ந்தது.

இதை இப்போது நினைவூட்டுவானேன் என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அக்டோபரில் தொடங்குகிறது. புயலும் வெள்ளமும் நமக்குப் புதிய விருந்தாளிகளல்ல. அந்த நாட்களில் நமது கிளைகள் சும்மா இருப்பதில்லை. உண்டியல் எடுத்துக் கடைவீதிக்குப் போகிறோம், அரிசி திரட்டுகிறோம், முழங்கால் தண்ணீரில் நடக்கிறோம். அந்த உழைப்பைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த உழைப்பு முழுவதும் உரிய இடத்தில் போய்ச் சேருகிறதா என்ற கேள்வியை நாமே நமக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரக்கம் உண்டு, ஏற்பாடு உண்டா?

பழந்துணிக் கதை நாகப்பட்டினத்தோடு முடிந்ததல்ல. அதே சுனாமியில் இந்தோனேஷியாவின் அச்சே மாகாணத்துக்கு உலக நாடுகளிலிருந்து ஏறத்தாழ 4,000 டன் மருந்துகள் வந்து குவிந்தன. அவற்றில் பெரும்பகுதி அந்த மக்களுக்குத் தேவைப்படாதவை. காலாவதியானவை இருந்தன, அங்குள்ள மருத்துவர்களுக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்டவை இருந்தன. இலவசமாக வந்த மருந்தை அழிப்பதற்கே பணம் செலவிட வேண்டியதாயிற்று.

இரண்டு இடங்களிலும் தவறு ஒன்றுதான். கொடுப்பவர், தம்மிடம் இருப்பதைக் கொடுத்தார். வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டுச் சொல்வதற்கு நடுவில் ஓர் ஏற்பாடும் இல்லை.

நாகையில் அந்த ஏற்பாடு பிறகு ஏற்பட்டது. 2005 ஜனவரி முதல் நாளிலேயே தொண்டு ஸ்தாபனங்கள் ஒன்றுகூடி, மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து, ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தன. எந்தக் கிராமத்தில் யார் வேலை செய்கிறார்கள், எங்கே என்ன இருக்கிறது, எங்கே என்ன குறைகிறது என்று ஓரிடத்தில் எழுதி வைக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. பத்து ஸ்தாபனங்கள் ஒரே கிராமத்துக்குப் போய்ப் பக்கத்துக் கிராமத்தை மறந்துவிடும் அவலம் குறைந்தது. ஒரு மேஜை, ஒரு நோட்டு, ஒரு வரைபடம், நாலு பொறுப்பான ஆட்கள்: அடிப்படையில் தேவைப்பட்டது அவ்வளவுதான். ஆனால் அது வெள்ளம் வந்த பிறகு தேடவேண்டிய பொருளல்ல. வருவதற்கு முன்பே இருக்கவேண்டிய பொருள்.

1943-ல் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் மக்கள் மாண்டார்கள். நாட்டில் தானியமே இல்லாமற் போனதால் வந்த சாவல்ல அது. பதுக்கல்காரன் பூட்டி வைத்தான். வெள்ளைக்கார சர்க்கார், ஜப்பானியர் கைக்குப் போய்விடும் என்று சொல்லி, ஆறுகளில் ஓடிய படகுகளை 1942-லேயே பறித்து முடக்கியது. தண்ணீரே பாதையாக உள்ள ஒரு நாட்டில் படகைப் பறித்தால் அரிசி எப்படி நகரும்? சாமான் இருப்பது வேறு, சாமான் போய்ச் சேருவது வேறு என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சியம் வேண்டாம்.

முதல் மூன்று நாட்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை எண்ணிப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவாயிற்று. 2015-ல் சென்னையை மூழ்கடித்த மழையில் தாம்பரத்தில் ஒரு நாளில் பெய்தது 49 செ.மீ. அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு! தாமிரவருணிக் கரையில் சாலைகள் அறுந்தன. ரயில் பாதையின் அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துக்கொண்டு போயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அங்கே சிக்கியவர்களுக்கு முதலில் சோறு போட்டவர்கள் யார்? பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள். தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து, பொதுவில் உலை வைத்து, முன்பின் அறியாதவர்களுக்குப் பந்தி வைத்தார்கள். ஹெலிகாப்டரில் பொட்டலம் வந்தது அதற்குப் பிறகுதான்.

2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது நடந்ததும் அதுவே. 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குப் போக நேர்ந்தது. அப்போது கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்து, பல்லாயிரம் பேரை மீட்டார்கள். படகு மட்டும் இருந்தால் அது நடந்திருக்குமா? படகை ஏற்ற லாரி வேண்டியிருந்தது. எஞ்சினுக்கு எண்ணெய் வேண்டியிருந்தது. முழுகிய தெருக்களில் சுவர் எங்கே, கிணறு எங்கே என்று காட்ட உள்ளூர் ஆள் வேண்டியிருந்தது. இவை மூன்றும் கூடியபோதுதான் மீனவரின் வீரம் பலன் தந்தது.

இவற்றிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? முதல் மூன்று நாட்களுக்கு வெளியூர் உதவியை நம்பி இருக்க முடியாது. சாலை அறுந்துவிடும், மின்சாரம் போய்விடும், செல்பேசி செத்துவிடும். அந்த மூன்று நாட்களைத் தாங்குவதற்கு வேண்டியது, ஊருக்குள்ளேயே, மேட்டு நிலத்திலேயே, முன்கூட்டியே இருக்க வேண்டும்.

ஐந்நூறு பேருக்கு எவ்வளவு?

“நிறைய அரிசி அனுப்புங்கள்” என்று சொல்வது கணக்காகாது. ஒரு பள்ளிக்கூட முகாமில் 500 பேர் தங்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அரிசி: தலைக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்றால், நாளைக்கு 200 கிலோ. 25 கிலோ மூட்டையில் எட்டு. மூன்று நாளைக்கு இருபத்து நாலு மூட்டை. பருப்பு தலைக்கு 60 கிராம் என்றால் நாளைக்கு 30 கிலோ. மூன்று நாளைக்கு 90 கிலோ. இது ஒரு கிளையால் திரட்ட முடியாத அளவல்ல. ஆனால் அண்டாவும், அடுப்பும், நனையாத விறகோ சிலிண்டரோ இல்லாவிட்டால் இந்த அரிசி மூட்டையாகவே கிடக்கும்.

தண்ணீர்: குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலைக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்பது நிவாரண வேலைக்கு உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. 500 பேருக்கு நாளைக்கு 7,500 லிட்டர். 9,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி தினமும் ஒரு தடவை வந்தாக வேண்டும். லாரி வர வழியில்லை என்றால்? மேல்நிலைத் தொட்டியை மழைக்கு முன்பே நிரப்பி வைத்திருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் கையிருப்பில் இருக்க வேண்டும். அதை எவ்வளவு போடுவது என்று தெரிந்த ஆள் இருக்க வேண்டும். வெள்ளத்தில் உயிர் தப்பியவர்களைப் பேதி கொண்டுபோகக் கூடாதல்லவா?

கழிப்பறை: இருபது பேருக்கு ஒன்று என்பது அளவு. அப்படியானால் 25 கழிப்பறை. நமது பள்ளிக்கூடங்களில் எத்தனை இருக்கின்றன என்று தோழர்கள் போய் எண்ணிப் பார்க்கட்டும்.

இடம்: ஒருவர் படுக்க, உட்கார ஏறத்தாழ 37 சதுர அடி வேண்டும். இருபதுக்கு இருபது வகுப்பறையில் பத்துப் பேர். 500 பேருக்கு ஐம்பது அறை! ஐம்பது அறை உள்ள பள்ளிக்கூடம் எந்தக் கிராமத்தில் இருக்கிறது? ஆகவே ஒரே இடத்தில் எல்லோரையும் அடைப்பது என்ற எண்ணத்தை விட்டு, நாலைந்து கட்டடங்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் உண்டு. கைக்குழந்தைகள் எத்தனை? கர்ப்பிணிகள் எத்தனை பேர்? சர்க்கரை வியாதிக்காரர்களின் இன்சுலினைக் குளிரில் வைக்க எங்கே வசதி? பெண்களுக்கு மாதவிலக்குத் துணி வேண்டும். அதை எந்தப் பெண்ணும் ஆண் தொண்டரிடம் வந்து கேட்கமாட்டாள். ஆகவே முதல் பட்டியலிலேயே அது இருக்க வேண்டும். வழங்குவதும் மாதர் தோழர்களின் பொறுப்பில் இருக்க வேண்டும். பால் பவுடரைக் கண்டபடி விநியோகிப்பதும் கூடாது. அசுத்தத் தண்ணீரில் கரைத்த பவுடர், தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு நஞ்சுக்குச் சமம்.

வரவு, செலவு, இருப்பு

மளிகைக் கடையில் வேலை பார்க்கும் தோழருக்கும், ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் தோழருக்கும் நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் அறிந்த முறையே நிவாரணத்துக்கும் முறை. உள்ளே வந்த ஒவ்வொரு மூட்டையும் வரவில் ஏற வேண்டும். வெளியே போன ஒவ்வொன்றும் செலவில் ஏற வேண்டும். மாலையில் எண்ணிப் பார்த்தால் நோட்டில் உள்ள இருப்பும் கிடங்கில் உள்ள இருப்பும் ஒத்துவர வேண்டும். லாரி புறப்பட்டால் மூன்று சீட்டு: ஒன்று கிடங்கில், ஒன்று டிரைவர் கையில், ஒன்று வாங்குபவரிடம். வாங்கியவர் கையெழுத்திட்ட சீட்டு திரும்பி வந்தால்தான் அந்த லாரியின் கணக்கு முடிந்தது. மூட்டைகள் தரையில் படக்கூடாது; பலகை மேல் அடுக்க வேண்டும். முதலில் காலாவதியாகக்கூடியது முதலில் வெளியே போக வேண்டும். இவ்வளவும் காகித நோட்டில் இருக்க வேண்டும். செல்பேசியில் மட்டும் வைத்திருந்தால், மின்சாரம் போன மறுநாள் கணக்கும் போய்விடும்.

2019 ஆகஸ்டில் வடகேரளத்தில் வெள்ளம் வந்தபோது, திருவனந்தபுரம் மாநகராட்சி மேயர் வி. கே. பிரசாந்த் தலைமையில் மலப்புரத்துக்கும் வயநாட்டுக்கும் லாரி லாரியாகச் சாமான்களை அனுப்பியது. வாலிபர்களும் மாணவர்களும் இராப்பகலாக உட்கார்ந்து, வந்ததை இனம் பிரித்து, கட்டுக் கட்டி, ஏற்றினார்கள். அனுப்பும் ஊரிலேயே பிரித்து அனுப்பினால், வாங்கும் ஊரில் தத்தளிக்கிற ஜனங்களுக்குப் பாரம் குறைகிறது. இந்தச் சிறிய உண்மை 2004-ல் நமக்குத் தெரியாமற் போயிற்று.

யாருக்குக் கிடைக்கிறது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின் கம்பங்கள் சாய்ந்தன. தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர்ப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் வேரோடு விழுந்தன. தமிழகமெங்குமிருந்து நிவாரண லாரிகள் கிளம்பின. ஆனால் பிரதான சாலையோரத்து ஊர்களில் அவை நின்றுவிட்டன. பசித்தவன் வழியில் லாரியை மறித்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சாலையிலிருந்து ஐந்தாறு மைல் உள்ளே இருந்த குடிசைவாசிகள் நாள் கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

இதைவிடக் கசப்பான உண்மையும் உண்டு. சுனாமிக்குப் பின் நாகை வட்டாரத்தில் தாழ்த்தப்பட்ட மக்களை முகாம்களில் சேர்க்க மறுத்த இடங்கள் உண்டு. தண்ணீர்த் தொட்டியில் கை வைக்க விடாமல் தடுத்த இடங்களும் உண்டு. படகும் வலையும் இழந்தவருக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. அந்த மீனைச் சுமந்தும் உப்பளத்தில் கூலி வேலை செய்தும் பிழைத்தவர்களோ, ‘உனக்கு என்ன நஷ்டம்?’ என்ற கேள்விக்குக் காட்டுவதற்கு ஒரு பொருளும் இல்லாமல் நின்றார்கள். சொத்து இருந்தவனுக்குத்தான் இழப்பு என்று எழுதுகிற கணக்கு, உழைப்பைத் தவிர வேறு சொத்தில்லாதவனை வெறுங்கையோடு அனுப்பிவிடும்.

ஆகவே நமது விநியோகத்துக்கு ஒரே ஒரு விதி போதும்: கடைசி வீட்டிலிருந்து தொடங்கு. சேரியிலிருந்து, இருளர் குடியிருப்பிலிருந்து, ரேஷன் கார்டில்லாத வெளி மாநிலக் கட்டடத் தொழிலாளியின் தகரக் கொட்டகையிலிருந்து தொடங்கு. அங்கிருந்து தொடங்கி வந்தால் மெயின் ரோடு தானாக வரும். மெயின் ரோட்டிலிருந்து தொடங்கினால் கடைசி வீடு வரவே வராது.

கொடியை எங்கே வைப்பது?

2015 சென்னை வெள்ளத்தில், எவரோ வெளியூரிலிருந்து அனுப்பிய நிவாரணப் பொருள்களின் மீது அன்றைய ஆளுங்கட்சியினர் தங்கள் தலைவரின் படத்தை ஒட்டிய செய்தி நாடெங்கும் சிரித்தது. நாமும் சிரித்தோம், கண்டித்தோம். நியாயம். ஆனால் நமது கிளைகளில் நடப்பதென்ன? பொட்டலம் கொடுக்கும்போது படம் பிடிப்பதில்லையா? ஒரு கிழவியின் கையில் ஐந்து கிலோ அரிசியைக் கொடுத்துவிட்டு, அவளைச் சுற்றி எட்டுப் பேர் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதில்லையா? அவளுடைய தலை குனிந்திருப்பதை அந்தப் படத்தில் நீங்கள் பார்த்ததுண்டா?

கொடி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யார் வந்தார்கள் என்பது ஜனங்களுக்குத் தானாகவே தெரியும். கிடங்கின் வாசலில் கொடி பறக்கட்டும்; பொட்டலத்தின் மீது வேண்டாம். அதற்குப் பதில், தினமும் மாலையில், வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று ஒரு கரும்பலகையில் எழுதித் தெருவில் வையுங்கள். உண்டியலில் விழுந்த பணத்தின் கணக்கையும் அதில் எழுதுங்கள். ரிக்‌ஷாக்காரர் போட்ட பத்து ரூபாய் எங்கே போயிற்று என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அந்தக் கரும்பலகை செய்கிற பிரசாரத்தை ஆயிரம் சுவரொட்டிகள் செய்ய முடியாது.

சர்க்காரின் பொறுப்பு

இதையெல்லாம் நாமே செய்துவிட்டால் சர்க்கார் எதற்கு என்ற கேள்வி எழும். சரியான கேள்வி. தொண்டர்களின் தியாகத்தைப் பாராட்டிவிட்டுத் தன் கையைக் கழுவிக்கொள்ள எந்த சர்க்காரையும் நாம் அனுமதிக்க முடியாது. நிவாரணம் பிச்சையல்ல, உரிமை.

ஒரிஸ்ஸாவைப் பாருங்கள். 1999-ல் வந்த பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அதற்குப் பின் கரையோரம் புயல் காப்பகங்கள் கட்டினார்கள். கிராமந்தோறும் ஆட்களைப் பழக்கினார்கள். 2013-ல் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. சர்க்கார் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதுவே ருசு.

நம் மாநிலத்தில் 34,000-க்கும் மேற்பட்ட ரேஷன் கடைகள் இருக்கின்றன. சேரிக்கும் குப்பத்துக்கும் பக்கத்தில் இருக்கும் ஒரே சர்க்கார் கிடங்கு அதுதான். மழைக்காலத்துக்கு முன் தாழ்வான பகுதிக் கடைகளின் சரக்கை மேட்டுக்கு மாற்றுவதும், மூன்று நாள் சரக்கை முன்னதாக வழங்குவதும் சட்டமாக வேண்டும்.

பணத்தின் கதையோ தனிக்கதை. மாநிலப் பேரிடர் நிதியில் மத்திய சர்க்காரின் பங்கு 75 சதவீதம் என்பது ஏட்டில் உள்ளது. ஆனால் 2023 டிசம்பர்ப் புயலுக்கும் வெள்ளத்துக்குமாகத் தமிழ்நாடு கேட்டது ஏறத்தாழ ரூ.37,900 கோடி. 2024 ஏப்ரலில் டெல்லி விடுவித்தது ரூ.276 கோடி. நூறு ரூபாய் கேட்டவனுக்கு ஒரு ரூபாய்கூட முழுசாக வரவில்லை!

வெள்ளம் வடிந்த பிறகு வேலை செய்கிற தொழிலாளியை யார் நினைக்கிறார்கள்? கஜாவில் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்த மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்தார்கள். சேற்றில் நின்று கம்பம் நட்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளிகள் எத்தனையோ பேர். 2015-ல் சென்னையின் குப்பையை அள்ள வெளியூர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளிகள் பலருக்குக் கையுறையும் இல்லை, பூட்ஸும் இல்லை. 2018 கேரள வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் பல உயிர்களைக் குடித்தது. சேற்றில் இறங்கியவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்க நேர்ந்தது. ஆகவே நிவாரணச் சாமான் பட்டியலில் பூட்ஸும் கையுறையும் மாத்திரையும் அரிசிக்கு அடுத்தபடியாக இருக்க வேண்டும். அவற்றைக் கேட்டு வாங்குவது நமது தொழிற்சங்கங்களின் கடமை.

செய்ய வேண்டியவை

தோழர்களே! மழை தொடங்குமுன் ஒவ்வொரு கிளையும் ஒரு கூட்டம் போடட்டும். அதில் ஐந்து விஷயங்களை மட்டும் முடிவு செய்யுங்கள். தண்ணீர் ஏறாத கட்டடங்கள் எவை, சாவி யாரிடம் இருக்கிறது? லாரி, டிராக்டர், படகு, அண்டா, ஜெனரேட்டர் யாரிடம் இருக்கின்றன? நடக்க முடியாத முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் எந்தெந்த வீட்டில்? கணக்கு எழுதுவது யார், அதைச் சரிபார்ப்பது யார்? கடைசி வீடு எது, அங்கே முதலில் போவது யார்?

இந்த ஐந்துக்கும் பதிலை ஒரு நோட்டில் எழுதி, அதன் நகலை தாசில்தாரிடம் கொடுத்து, ‘எங்கள் பங்கு இது, உங்கள் பங்கு என்ன?’ என்று கேளுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றின் விலை அதிகமில்லை. அது இல்லாததனால் நாகையில் நாம் கொடுத்த விலை அதிகம்.

அடுத்த வெள்ளத்தில் புதுக்குடி மக்களைப் போல் உலை வைக்க ஆயிரம் ஊர்களில் ஆள் உண்டு. அந்த உலைக்கு அரிசி குறையாமல் பார்த்துக்கொள்வது நமது வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமையே கூடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் அந்தக் கடைசி வீட்டின் பெயரை எழுதுங்கள்.